வெட்டிய முனை

திருவானைக்காவல்
10 பிப்ரவரி 2025

மன்னார்புரம் திரு. ஸ்தனிஸ்லாஸ் அவர்களுக்கு,

லூர்துராணி எழுதுவது. கூடப் பிறந்த அண்ணனுக்குத் 'திரு' போட்டு எழுத வேண்டி வரும் என்று நான் நினைத்ததில்லை. போனில் உங்கள் எண்ணைத் தடுத்து வைத்திருப்பது உங்களுக்குத் தெரிந்திருக்கும். வேறு எண்ணிலிருந்தும் கூப்பிட வேண்டாம். போனில் பேசினால் நீங்கள் 'ராணிம்மா' என்று குழைவீர்கள், நான் அழுதுவிடுவேன், கேட்க வேண்டியதைக் கேட்காமலேயே வைத்துவிடுவேன். அதனால் தபால். ஆற்றைத் தாண்டி வர இரண்டு நாள் ஆனால் ஆகட்டும்.

என் வீட்டுக்காரரை ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டோம். முன்னறையில் கட்டில் போட்டு, பக்கத்தில் ஆக்சிஜன் மெஷின் வைத்திருக்கிறேன். நுரையீரல் உள்ளே வெந்துபோயிருக்கிறது என்கிறார் டாக்டர். வெந்தது பழையபடி ஆகுமா என்று நான் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. பள்ளிக்கூடத்துக்கு நீண்ட விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டேன்.

டிசம்பரில் நடந்தது பேப்பரில் நாலு வரி வந்தது. முழுக்க நான் சொல்கிறேன், கேளுங்கள். தோல் ஆலையில் சுண்ணாம்புக் கழிவு விழுகிற தொட்டி. அதன் மேல் போட்ட கான்கிரீட் மூடியில் நின்று இவர் மோட்டாரைப் பார்த்துக்கொண்டிருந்தார். மூடி உடைந்தது. விழுந்தவரைத் தூக்க, கூட வேலை பார்த்த பிச்சை உள்ளே இறங்கினார். மார்ட்டின் சார், மார்ட்டின் சார் என்று இவர் பின்னாலேயே சுற்றுகிறவர். இவரை ஏணிவரைக்கும் தள்ளிவிட்டார். அவர் மேலே வரவில்லை. தொட்டிக்குள் விஷவாயு. பிச்சையின் மனைவி மயிலம்மா எங்கள் தெருவில் கடைசி வீடு. தினமும் அவள் முகத்தில்தான் விழிக்கிறேன்.

அந்த மூடிக்குள் இருந்தது உங்கள் கம்பி. அந்த வியாபாரம் முடிந்ததே எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையில்தான். "இரும்பு துருப்பிடிக்கும் மாப்ள, கல்லு துருப்பிடிக்குமா?" என்று கேட்டீர்கள். மீன்குழம்பு ஆறிப்போகும்வரை பசால்ட், பசால்ட் என்று அதே பேச்சு. இவரும் தலையாட்டிக் கேட்டுவிட்டு, மறுவாரமே முதலாளி பஷீர் அகமது பாயிடம் போய் என் மச்சான் கம்பியைத்தான் போட வேண்டும் என்று நின்றார்.

எனக்கு ஒரே ஒரு பதில் வேண்டும். ஐம்பது வருஷம் தாங்கும் என்ற கம்பி நாலு வருஷத்தில் ஏன் உடைந்தது?

லூர்துராணி


மரியே வாழ்க
மன்னார்புரம்
15 பிப்ரவரி 2025

அன்புத் தங்கை ராணிக்கு,

உன் கடிதம் கிடைத்தது. 'திரு' போட்டதற்கு நான் வருத்தப்படவில்லை என்று எழுதினால் பொய். ஆஸ்பத்திரிக்கு வந்தபோதெல்லாம் நர்ஸை விட்டு என்னைத் திருப்பி அனுப்பினாய். அதையும் சுமந்துகொண்டுதான் இருக்கிறேன்.

ஏன் உடைந்தது என்று கேட்கிறாய். எனக்கும் அதே கேள்விதான். ராணி, அது உடையக் கூடாது. நீ என்னைத் திட்டினாலும் பரவாயில்லை, இதைக் கொஞ்சம் பொறுமையாகப் படி.

பசால்ட் என்பது எரிமலைக் குழம்பு இறுகி ஆன கறுப்புக் கல். அதை உருக்கித் தலைமுடியைவிட மெல்லிய நூலாக இழுக்கிறார்கள். அந்த நூல்களைக் கற்றையாகச் சேர்த்து, பிசினில் தோய்த்து, சூட்டில் வேகவைத்தால் என் கம்பி. உப்பு அதை ஒன்றும் செய்யாது, வெயிலும் ஈரமும் ஒன்றும் செய்யாது. இரும்பு இற்றுப்போகிற இடத்தில் இது புதிதாக இருக்கும். அதற்கு ஒரே எமன் சுண்ணாம்பு. சுண்ணாம்புத் தண்ணீர் நேராக நூலைத் தொட்டால் கொஞ்சம் கொஞ்சமாக அரித்துத் தின்றுவிடும். அதற்காகத்தான் பிசின். பிசின் என்ற சட்டை மேலே இருக்கும்வரை நூலுக்குக் கவலை இல்லை. கல்லூரி ஆய்வகத்தில் அனிஷா மேடம் என் கம்பிகளைச் சுண்ணாம்பும் உப்பும் கரைத்த வெந்நீரில் மாதக்கணக்காக ஊறப்போட்டு இழுத்துப் பார்த்தார். ஐம்பது வருஷம் என்று சொன்னது நான் அல்ல, அவருடைய கணக்கு.

பலவீனமான இடம் ஒன்றுதான். கம்பியை வெட்டிய முனை. அங்கே சட்டை கிடையாது, நூல் திறந்து நிற்கும். விளக்குத் திரி எண்ணெயை உறிஞ்சுகிற மாதிரி அந்த முனை சுண்ணாம்புத் தண்ணீரை உள்ளே உறிஞ்சிக்கொண்டே போகும். வெளியே பார்த்தால் ஒன்றும் தெரியாது. அதனால் கம்பி செய்கிற என் துவாக்குடிக் கொட்டகையை விட்டு ஒரு கம்பிகூட முனை மூடாமல் போனதில்லை. நானே நின்று பிசினில் தோய்ப்பேன். மூடியைப் போட்ட அன்றே மாப்பிள்ளையிடம் சொன்னேன், "இதுல ஒரு விரக்கடை வெட்டுறதா இருந்தாலும் எனக்கு ஒரு போன் போடுங்க மாப்ள, வந்து முனையை மூடிக் குடுத்துட்டுப் போறேன்" என்று. இன்னும் நிறையச் சொன்னேன். நான் ஆரம்பித்தால் நிறுத்த மாட்டேன் என்பது உனக்குத் தெரியும்.

உடைந்த துண்டுகள் ஆலை முற்றத்தில் கிடக்கின்றனவாம். போய்ப் பார்க்கப் பஷீர் பாயிடம் அனுமதி கேட்டிருக்கிறேன். பார்த்துவிட்டு உள்ளதை உள்ளபடி எழுதுகிறேன். என் தப்பென்றால் என் தப்பு. இல்லையென்றால் இல்லை. இதில் உனக்காக ஒரு வார்த்தையைக் கூட்டவோ குறைக்கவோ மாட்டேன்.

மாப்பிள்ளையை விசாரித்ததாகச் சொல்.

அண்ணன்
ஸ்தனிஸ்லாஸ்


திருவானைக்காவல்
3 மார்ச் 2025

திரு. ஸ்தனிஸ்லாஸ் அவர்களுக்கு,

இரண்டு பக்கம் கம்பி. கடைசியில் ஒரே வரி, மாப்பிள்ளையை விசாரித்ததாகச் சொல். சொன்னேன். அவர் கண்ணை மூடிக்கொண்டார்.

நேற்று ஞாயிற்றுக்கிழமை நான் பூசைக்குப் போயிருந்த நேரம் பார்த்து வீட்டுக்கு வந்திருக்கிறீர்கள். எதிர்வீட்டில் சொல்லித்தான் தெரிந்தது. திருடன் மாதிரி ஏன் வர வேண்டும்? நான் திரும்பி வந்தபோது அவர் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டு படுத்திருந்தார். தலையணை நனைந்திருந்தது. "என்ன பேசுனீங்க ரெண்டு பேரும்?" என்று கேட்டேன். "ஒண்ணுமில்ல, சும்மா" என்றார். அந்த இரண்டு வார்த்தையைச் சொல்லவே அவருக்கு மூச்சு வாங்குகிறது. அதற்கு மேல் நான் நோண்டவில்லை. அவரிடம் போய் உங்கள் கம்பியின் பெருமையைப் பாடினீர்களா? அதற்காகவா அழுதார்?

இங்கே நடப்பதைச் சொல்கிறேன். தினம் சாயங்காலம் மயிலம்மா ஒரு தூக்கில் கஞ்சி கொண்டுவருகிறாள். புருஷனைக் குழியில் வைத்தவள். "எங்க வீட்டுக்காரரு உசுரக் குடுத்துக் காப்பாத்துன உசுரு டீச்சர், இதாவது நெலைக்கட்டும்" என்று சொல்லிக்கொண்டே அவர் தலைமாட்டில் உட்கார்ந்து கரண்டியால் ஊட்டுகிறாள். நான் கொடுத்தால் நாலு வாய் இறங்குகிறது. அவள் கொடுத்தால் ஒரு வாய்கூட இறங்குவதில்லை. கடைவாயில் வழிகிறது. அவள் துடைத்துவிட்டு, பரவாயில்லை சார், நாளைக்குப் பார்ப்போம் என்கிறாள். தொண்டையும் வெந்துபோயிருக்கலாம் என்கிறார் டாக்டர். நான் கொடுக்கும்போது மட்டும் வேகாத தொண்டை எது என்று எனக்குப் புரியவில்லை.

நான் எந்தப் பக்கம் திரும்பி அழுவது? பிச்சை போனதற்கா, இவர் போய்க்கொண்டிருப்பதற்கா? எனக்குக் கோபம் ஒன்றுதான் இப்போது காலூன்றி நிற்க இடம் கொடுக்கிறது. அதனால் கேட்கிறேன். துண்டுகளைப் பார்த்தீர்களா, இல்லையா?

லூர்துராணி


மன்னார்புரம்
8 மார்ச் 2025

ராணிக்கு,

பார்த்தேன். தப்பு என்னுடையதுதான்.

அந்த மூடிக்குப் போன கம்பிக் கட்டுக்கு அடுப்புச் சூடு குறைந்திருக்கிறது. பிசின் சரியாக வேகவில்லை. வேகாத பிசின் வழியாகச் சுண்ணாம்பு உள்ளே போய்விட்டது. வேறு காரணம் எதுவும் இல்லை. மூடியைப் போட்டவர்கள் மீதோ, ஆலையில் இருந்தவர்கள் மீதோ எந்தக் குற்றமும் இல்லை. இதையே போலீஸ் ஸ்டேஷனிலும் எழுதிக் கொடுத்துவிட்டேன். பஷீர் பாயிடமும் சொல்லிவிட்டேன். துண்டுகளை என் கொட்டகைக்கே ஏற்றிக்கொண்டு வந்துவிட்டேன்.

கொட்டகையை மூடுகிறேன். இந்தக் கம்பி போன மற்ற இடங்களுக்கும் எழுதிவிட்டேன்.

மாப்பிள்ளையிடம் ஒன்றும் கேட்காதே. அவருக்குத் தெரிந்தது எதுவும் இல்லை. அவரை நிம்மதியாக விடு.

ஸ்தனிஸ்லாஸ்


திருவானைக்காவல்
13 மார்ச் 2025

ஸ்தனிஸ்லாஸ் அவர்களுக்கு,

ஒருவழியாக வந்தது உங்கள் வாயிலிருந்து. நானே நின்று தோய்ப்பேன், நானே நின்று வேகவைப்பேன் என்று பெற்ற பிள்ளையைப் போலச் சொன்ன மனிதர் நீங்கள். அடுப்புச் சூடு குறைந்ததாம். என் வீட்டில் சோறு அரைவேக்காடாகப் போனால் ஒருவேளைச் சாப்பாடு போகும், அவ்வளவுதான். உங்கள் அரைவேக்காட்டில் ஒரு உயிர் போய், இன்னொன்று போய்க்கொண்டிருக்கிறது.

உங்கள் கடிதத்தை அவருக்குப் படித்துக் காட்டினேன். "கேட்டீங்களா, எங்க அண்ணனே எழுதிக் குடுத்துட்டாரு" என்று சொன்னேன். அவர் அழுதார். மூச்சு முட்டுகிற அளவுக்கு அழுதார், மெஷினைக் கூட்டி வைக்க வேண்டியதாகிவிட்டது. இவ்வளவு ஆன பிறகும் மச்சானுக்காக அழுகிற மனசு அவருக்கு. அந்த மனசுக்கு நீங்கள் செய்தது இது.

மயிலம்மாவுக்கும் படித்துக் காட்டினேன். படிக்காமல் இருந்தால் எனக்குத் தூக்கம் வராது. அவள் முழுக்கக் கேட்டுவிட்டு வாசலுக்குப் போய் ஒரு பிடி மண்ணை அள்ளினாள். மன்னார்புரம் எந்தத் திசை என்று என்னைக் கேட்டாள். நான் கை காட்டினேன். ஆமாம், நான்தான் காட்டினேன். அந்தத் திசையில் தூற்றிவிட்டு, கையைக் கழுவிக்கொண்டு வந்து அவருக்குக் கஞ்சி ஊட்ட உட்கார்ந்தாள்.

இனி இந்த வீட்டுப் படி ஏறாதீர்கள். அவர் போய்விட்டார் என்று கேள்விப்பட்டாலும் வராதீர்கள்.

லூர்துராணி


மரியே வாழ்க
மன்னார்புரம்
28 ஏப்ரல் 2025

ராணிக்கு,

ஈஸ்டர் வாழ்த்து எழுதலாமா என்று யோசித்து யோசித்து அந்த வாரமே போய்விட்டது. இதற்கும் நீ பதில் போட வேண்டாம்.

சமயபுரத்தில் ஒரு சாக்கடைக்கு மேல் என் கம்பி போட்ட மூடிகள் கிடந்தன. எடுத்துவிடச் சொல்லி நான்தான் எழுதியிருந்தேன். சித்திரைத் தேர்க் கூட்டம் கலைந்த பிறகு போன வாரம் உடைத்தார்கள். நானும் போய் நின்றேன். ராணி, இரண்டு ஆள் சம்மட்டி போட்டும் லேசில் விடவில்லை. கான்கிரீட் தூளாகிப்போன பிறகும் கம்பி அப்படியே நிமிர்ந்து நின்றது. துடைத்துப் பார்த்தேன், கொட்டகையை விட்டுப் போன அன்றைக்கு இருந்த அதே கறுப்பு, அதே பளபளப்பு. உடைத்தவர்களில் ஒருவர் "நல்லா இருக்கிறத எதுக்கு சார் ஒடைக்கச் சொன்னீங்க?" என்று கேட்டார். கிளம்பி வந்துவிட்டேன். அங்கே சுண்ணாம்பு கிடையாது, அதனால் இருக்கலாம். வேறொன்றும் இல்லை.

கொட்டகையில் மிஷினைப் பிரித்துவிட்டார்கள். தரையில் கல் நூல் பொடி மட்டும் கிடக்கிறது. பெருக்கினால் கையெல்லாம் அரிக்கும். உனக்குத் தெரியாது, அந்தப் பொடி தோலுக்குள் போய்விட்டால் லேசில் போகாது. இப்போது அந்த அரிப்பு மட்டும்தான் எனக்கென்று மிச்சம்.

ஒரே ஒரு தடவை மாப்பிள்ளையைப் பார்க்க விடு. நீ வீட்டில் இருக்கும்போதே வருகிறேன். பேச மாட்டேன். கட்டிலுக்குப் பக்கத்தில் கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டுப் போய்விடுகிறேன்.

ஸ்தனிஸ்லாஸ்


திருவானைக்காவல்
24 மே 2025

அவர் திங்கட்கிழமை விடியற்காலையில் போய்விட்டார்.

கல்லறைத் தோட்டத்து வாசலுக்கு வெளியே நீங்கள் நின்றதைப் பார்த்தேன். செருப்பைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு நின்றீர்கள். உள்ளே வரச் சொல்லி யாரும் கூப்பிடவில்லை. நானும் கூப்பிடவில்லை.

லூர்துராணி


திருவானைக்காவல்
22 ஜூன் 2025

அண்ணனுக்கு,

முப்பதாம் நாள் பூசை முடிந்துவிட்டது. வந்தவர்கள் சாப்பிட்டுப் போன பிறகு மயிலம்மா என்னோடு உட்கார்ந்து பாத்திரம் தேய்த்தாள். அன்று அவள் சொன்னதை அவள் சொன்ன மாதிரியே எழுதுகிறேன்.

"ஒங்க அண்ணன் கம்பின்னாலே எனக்கு அரிப்புதான் டீச்சர் ஞாபகம் வருது. அந்த மூடிய அறுத்தாங்களே, அன்னிக்கு இவரு சட்டைய தொவச்சுட்டு ரெண்டு நாளு கையெல்லாம் ஒரே அரிப்பு."

எந்த மூடி, யார் அறுத்தது என்று கேட்டேன்.

"அந்தத் தொட்டி மூடிதான். புது மோட்டார் வந்துச்சுல்ல, கொழா நொழையலன்னு சாரும் இவருமா ஒரு ஞாயித்துக்கெழம போயி கட்டரு போட்டு ஓரமா ஓட்டை போட்டாங்க. அப்பறம் சிமிட்டி வச்சு பூசிட்டாங்க. பூசைக்குப் போறேன்னு டீச்சருட்ட சொல்லிட்டு சார் ஆலைக்கு வந்துட்டாருன்னு வீட்டுல வந்து சிரிச்சாரு இவரு. அது ஆயிடுச்சு, ரெண்டு வருசத்துக்கு மேல."

இவ்வளவையும் சொல்லிவிட்டு, சாம்பார் அண்டா எங்கே வைக்க வேண்டும் என்று கேட்டாள். அவளுக்கு அது ஒரு பழைய சிரிப்புக் கதை. அதற்கு என்ன அர்த்தம் என்று அவளுக்குத் தெரியாது. எனக்குத் தெரியும். நீ எழுதித் தெரிந்ததுதான். உள்ளே போய் உன் முதல் கடிதத்தை எடுத்தேன். வெட்டிய முனையில் சட்டை கிடையாது. விளக்குத் திரி மாதிரி உறிஞ்சும். ஒரு விரக்கடை வெட்டினாலும் போன் போடச் சொன்னாய்.

எனக்கு அந்த ஞாயிற்றுக்கிழமை நன்றாக ஞாபகம் இருக்கிறது அண்ணா. வீட்டுக்கு வந்ததிலிருந்து முழங்கைவரைக்கும் சொறிந்துகொண்டே இருந்தார். எறும்புக் கடி என்றார். நான்தான் தேங்காய் எண்ணெயைச் சூடு பண்ணி இரண்டு கைக்கும் தேய்த்துவிட்டேன். உன் கல் நூல் என் உள்ளங்கையில் ஒட்டியிருந்திருக்கிறது, எனக்குத் தெரியவில்லை.

அடுப்புச் சூடு குறைந்தது என்று எழுதினாயே, அது பொய்தானே? சமயபுரத்துக் கம்பி நன்றாக இருந்தது என்று எழுதினாயே, அது உன்னையறியாமல் வந்துவிட்டது, இல்லையா? மார்ச்சில் நான் பூசைக்குப் போயிருந்தபோது நீ வந்தாயே, அன்று அவர் உன்னிடம் என்ன சொன்னார்? இந்தத் தடவையாவது உள்ளதை உள்ளபடி எழுது.

ராணி


மரியே வாழ்க
மன்னார்புரம்
26 ஜூன் 2025

ராணிம்மா,

கேட்டுவிட்டாய். எழுதுகிறேன்.

ஆலை முற்றத்தில் துண்டைப் புரட்டியதுமே தெரிந்துவிட்டது. பூசின சிமெண்டுக்குப் பின்னால் கட்டர் போன கோடு நேராக இருந்தது. அங்கே கம்பிகள் எல்லாம் வெட்டுப்பட்டு வாயைப் பிளந்துகொண்டு நின்றன. கையால் நசுக்கினேன், பழைய துடைப்பக்குச்சி மாதிரி நொறுங்கியது. அதிலிருந்து ஒரு முழம் தள்ளிக் கம்பி இரும்பு மாதிரி உறுதியாக இருந்தது. எனக்கு முதலில் வந்தது சந்தோஷம். அதை உன்னிடம் மறைக்க மாட்டேன். என் கம்பி தோற்கவில்லை என்று அந்தக் குப்பைமேட்டில் நின்று சந்தோஷப்பட்டேன். அப்புறம்தான் யார் வெட்டியிருப்பார்கள் என்ற நினைப்பே வந்தது.

வீட்டுக்கு வந்த அந்த ஞாயிற்றுக்கிழமை மாப்பிள்ளையிடம் கேட்டேன். அவர் மறைக்கவில்லை. நிறுத்தி நிறுத்திச் சொன்னார்.

"ஆமா மச்சான், நான்தான். ஒங்களக் கூப்புடணும்னு போனக் கையில எடுத்தேன். ஒரு சின்ன ஓட்டைக்கு நீங்க வந்தீங்கன்னா மதியம் வரைக்கும் கம்பியப் பத்தியே பேசுவீங்க. ராணிகிட்ட பூசைக்குப் போறேன்னு சொல்லிட்டு வந்திருந்தேன், பூசை முடியற நேரத்துக்குள்ள முடிச்சிரலாம்னு நெனச்சிட்டேன்."

அவர் அதைச் சிரித்துக்கொண்டே சொல்லப் பார்த்தார், ராணி. சிரிப்பு இருமலாக மாறி, இருமல் நிற்கவே வெகுநேரம் ஆயிற்று. நான் முதுகைத் தடவிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். கொஞ்சம் குறைவாகப் பேசுகிற மனிதனாக நான் இருந்திருந்தால் அவர் அன்றைக்குப் போன் போட்டிருப்பார். அதற்குப் பிறகு தப்பு யாருடையது என்று என்னால் பிரித்துப் பார்க்க முடியவில்லை.

அப்புறம் என் கையைப் பிடித்துக்கொண்டார். "பிச்சை பொண்டாட்டி தினம் வந்து கஞ்சி ஊட்டுது மச்சான். என்னால முழுங்க முடியல. நான்தான் அறுத்தேன்னு அதுகிட்ட சொல்லிடலாம்னு வாயத் தொறக்கிறேன், அதுக்குள்ள கரண்டிய வச்சிடுது. நான் போறவரைக்கும் யாருக்கும் தெரிய வேணாம். ராணிக்கும் வேணாம்" என்றார். சரி என்றேன். போகிற உயிர் கேட்கும்போது வேறென்ன சொல்வது? நீ என்மேல் கோபமாக இருந்தாய். அந்தக் கோபத்தில்தான் எழுந்து நின்று அவருக்கு எல்லாம் செய்துகொண்டிருந்தாய். அதை நான் எடுத்துவிட்டால் நீ விழுந்துவிடுவாய் என்று பயந்தேன்.

அனிஷா மேடம் துண்டுகளைப் பார்த்துவிட்டு, "ஏன் சார் உங்க மேல போட்டுக்கறீங்க?" என்று கேட்டார். வழக்கு நடக்கிறது, நடக்கட்டும். மயிலம்மாவிடம் சொல்வதும் சொல்லாததும் இனி உன் கையில். நான் உன்னைக் கேட்பது ஒன்றுதான். ஒருநாள் வரட்டுமா?

அண்ணன்


திருவானைக்காவல்
6 ஜூலை 2025

அண்ணா,

உன் கடிதத்தைப் படித்துவிட்டு உன்மேல் எனக்கு வந்தது நன்றி இல்லை. கோபம்தான். பழைய கோபம் போய்விட்டது, இது வேறு. இதை நீ வாங்கித்தான் ஆக வேண்டும்.

இரண்டு பேரும் சேர்ந்து எனக்கு நல்லது செய்வதாக நினைத்தீர்கள். பூசைக்குப் போவதாகப் பொய் சொல்லிவிட்டுப் போய் மூடியை அறுத்தவரை நான் உட்காரவைத்துக் கேட்டிருப்பேன். ஏன் போன் போடவில்லை என்று கத்தியிருப்பேன். அவர் கட்டில் காலை உதைத்திருப்பேன். அப்புறம் அவர் நெஞ்சில் விழுந்து அழுதிருப்பேன். புருஷனும் பெண்டாட்டியுமாக அந்தச் சண்டையைப் போட்டு முடித்திருப்போம். எங்களுக்கு இருந்த கடைசி மூன்று மாதத்தில் அதற்கு இடம் இருந்தது. அந்த மூன்று மாதமும் நான் உன்னோடு சண்டை போட்டுக்கொண்டிருந்தேன். அவர் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். இப்போது கல்லறையில் போய்க் கேட்டால் யார் பதில் சொல்வார்கள்?

உன் கடிதத்தை அவருக்குப் படித்துக் காட்டினேனே. அவர் உனக்காக அழுகிறார் என்று நினைத்தேனே. எத்தனை தடவை அவர் காதுபட உன்னைக் கொலைகாரன் என்று சொல்லியிருப்பேன்! ஒவ்வொரு தடவையும் அது அவர்மேல் விழுந்திருக்கிறது. நான் பக்கத்தில் உட்கார்ந்து கையைப் பிடித்துக்கொண்டே அவரைக் கொன்றிருக்கிறேன் அண்ணா. இதை எங்கே கொண்டுபோய் வைப்பது?

நேற்றுச் சாயங்காலம் மயிலம்மாவிடம் சொல்லிவிடுவது என்று முடிவு பண்ணினேன். கன்னம் ஒட்டிப்போயிருக்கிறது என்று இப்போது எனக்குக் கஞ்சி கொண்டுவருகிறாள். அதே தூக்கு. நான் சாமி படத்துக்கு மெழுகுவர்த்தி ஏற்றிவிட்டு, தைரியம் கேட்டு வந்து உட்கார்ந்தேன். அவள் கஞ்சியை ஆற்றிக்கொண்டே பேசினாள்.

"நான் ராத்திரியெல்லாம் யோசிப்பேன் டீச்சர். இவரு செத்தது வீணா போச்சோன்னு. சாரும் போயிட்டாருல்ல. அப்பறம் நெனச்சுக்குவேன், நல்ல மனுசனுக்காகத்தான போனாரு, அது போதும்னு. அது ஒண்ணுலதான் டீச்சர் நான் நடமாடிக்கிட்டு இருக்கேன்."

நான் வாயைத் திறந்தேன். அவள் கரண்டியை வைத்துவிட்டாள்.

இறங்கவில்லை அண்ணா. டாக்டர் தொண்டையைக் குறை சொன்னார். தொண்டையில் ஒன்றும் இல்லை. அப்படியே வாயில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அவள் முந்தானையால் என் கடைவாயைத் துடைத்தாள். துடைத்துவிட்டுக் கேட்டாள்.

"எல்லாத்துக்கும் ஒங்க அண்ணன் கம்பிதான டீச்சர் காரணம்?"

ஆமாம் என்று சொல்லிவிட்டேன்.

ஒருநாள் வரட்டுமா என்று கேட்டாய். அவள் வீடு தெருவின் கடைசி வீடு, எங்கள் வீட்டைத் தாண்டித்தான் அவள் கடைக்குப் போக வேண்டும், வாசலில் யார் செருப்பு கிடந்தாலும் பார்ப்பாள். நீ வராதே.

உன் தங்கை
ராணி